இடிக்கப்பட்ட வீட்டுக்கும் கதவு எண் உண்டு

கீழடியில் மண்ணுக்கடியில் ஒரு செங்கல் சுவர் தென்பட்டால் நாடே திரும்பிப் பார்க்கிறது. தூரிகையால் மண்ணைத் தட்டி, ஓட்டுக்கு ஓடு எண் போட்டு, படம் எடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். 2023 மார்ச்சில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. நல்லது. அதில் எங்களுக்கும் பெருமைதான்.

எங்கள் கேள்வி வேறு. 2,600 ஆண்டுகளுக்கு முந்தைய குடியிருப்பை இவ்வளவு பயபக்தியோடு தேடுகிற அரசு, நேற்றுவரை அடுப்பெரிந்த வீட்டைப் பொக்லைன் வைத்துத் தள்ளி, அரை மணி நேரத்தில் லாரியில் அள்ளிக் கொட்டுகிறதே, அந்த வீட்டின் செங்கல்லுக்கு யார் எண் போடுவது?

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இளங்கோ தெரு இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் ஓரம். அங்கே கோவிந்தசாமி நகர் என்று ஒரு குடியிருப்பு. கால்வாய்ப் புறம்போக்கை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று தொடரப்பட்ட வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. உத்தரவு வந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் இடிப்பு தொடங்கியது. 250க்கும் மேற்பட்ட வீடுகள் பட்டியலில் இருந்தன. மே 8ஆம் தேதி, இடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தத் தெருவில் வாழ்ந்த ஒருவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். பிழைக்கவில்லை. மறுநாள் சட்டமன்றத்தில் முதலமைச்சர் வருத்தம் தெரிவித்தார், நிவாரணம் அறிவித்தார். மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கமே மாற்று வீடு தருவோம் என்றார். இனி மக்களைக் கலந்து பேசித்தான் அகற்றுவோம் என்றும் சொன்னார்.

ஒரு மனிதன் எரிந்த பிறகுதான் அந்தத் தெருவில் மனிதர்கள் இருந்தார்கள் என்பது பதிவானது. அதற்கு முன்பு வரை கோப்பில் இருந்த பெயர் ஒன்றுதான்: ஆக்கிரமிப்பு.

தோழர்களே, இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்லவருவது இதுதான். நம் வீடுகள் இரண்டு முறை இடிக்கப்படுகின்றன. முதல் முறை ஏட்டில். இரண்டாம் முறை மண்ணில். ஏட்டில் இல்லாத வீட்டை மண்ணில் இடிப்பதற்கு யாருக்கும் கை நடுங்குவதில்லை. ஆகவே நம் தெருக்களின் வரலாற்றை எழுதுவது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். அது நில உரிமைப் போராட்டத்தின் முதல் வேலை.

ஏட்டில் இடிக்கும் வேலை நேற்று தொடங்கியதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி போடாத நிலங்களைக் கழித்துச் சொல்லும் இடத்தில் ஊர் நத்தம் வருகிறது, குளம் வருகிறது, கம்மாளச்சேரி வருகிறது, பறைச்சேரி வருகிறது, சுடுகாடு வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் அரசாங்கக் கணக்கில் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம்? நத்தம் தனி, சேரி தனி. அந்தச் சேரியில் எத்தனை வீடு, யார் வீடு என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. சுடுகாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொல், அவ்வளவுதான். பிறகு வந்த வெள்ளைக்காரனும் அதே சொல்லைத் தன் வாய்க்கு ஏற்ப 'பார்ச்செரி' என்று எழுதிக்கொண்டான். ராஜா மாறினார், கம்பெனி வந்தது, கலெக்டர் வந்தார். சேரி என்ற சொல் மட்டும் ஏட்டிலிருந்து ஏட்டுக்கு மாறிக்கொண்டே வந்தது. அதற்குள் இருந்த வீடுகள் ஏறவே இல்லை.

தெருவுக்குள் கால் வைக்கவே நமக்குத் தீர்மானம் தேவைப்பட்டது. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் அதுதான். பொதுச்சாலை, பொதுத்தெரு, பொதுக்கிணறு எதிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்று அரசை அறிவிக்க வைத்தார். நூறு ஆண்டுதான் ஆகிறது. ஒரு தெருவில் நடப்பதற்கே அரசாணை வாங்க வேண்டியிருந்த மக்கள், அந்தத் தெருவில் தம் வீடு இருந்தது என்று நிரூபிக்க என்ன காகிதம் வைத்திருப்பார்கள்?

இப்போது நகரத்துக்கு வருவோம். 1971இல் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டம் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டுவிட்டது. அந்தச் சட்டத்தின் அடிப்படை ஒரு பட்டியல். ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்தால், அங்கே தண்ணீர், கழிப்பறை, விளக்கு, தெரு போடும் கடமை அரசுக்கு வரும். அங்கே இருப்பவரை நினைத்தபடி காலி செய்ய முடியாதபடி ஒரு பாதுகாப்பும் வரும். 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் அந்தப் பட்டியலில் ஏறின. 1985இல் மேலும் 17 ஏறின. அதோடு சரி. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் புதிதாக ஒன்றுகூட ஏறவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1985க்குப் பிறகு சென்னை எவ்வளவு பெருத்தது? கோயம்பேடு சந்தை வந்தது, பறக்கும் ரயில் வந்தது, பழைய மாமல்லபுரம் சாலை கணினிச் சாலையானது, மெட்ரோ வந்தது. இவ்வளவையும் கட்டியவர்கள், பெருக்கியவர்கள், சுமந்தவர்கள் எங்கே படுத்தார்கள்? நகரத்துக்குள்தான். பட்டியல் மட்டும் 1985இலேயே தூங்கிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையில் கிட்டத்தட்ட 29 விழுக்காட்டினர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். ஒரு துறை எண்ணுகிறது, இன்னொரு துறை அறிவிக்க மறுக்கிறது. பட்டியலில் ஏறாத குடியிருப்பு சட்டத்தின் கண்ணுக்குக் குடியிருப்பே இல்லை. அது ஆக்கிரமிப்பு. முதல் இடிப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பொக்லைன் வருவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே அது முடிந்துவிடுகிறது.

'நீர்நிலையில் வீடு கட்டினால் வெள்ளம் வராதா?' என்று படித்தவர்கள் கேட்பார்கள். வகுப்பில் உங்களையும் கேட்பார்கள். பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877, 1878 பஞ்ச காலத்தில் வெட்டப்பட்டது. சோற்றுக்கு வழியில்லாத கூலிகள் வெட்டினார்கள். மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் ஓரமாக ஓடுவது அந்தப் பகுதிதான். அதே கால்வாயின் மேல்தான் பறக்கும் ரயில் போகிறது. 1995இல் முதல் கட்டம் ஓடத் தொடங்கியது, 2007இல் வேளச்சேரி வரை போனது. அதன் தூண்கள் கரையில் நிற்கவில்லை, தண்ணீருக்குள் நிற்கின்றன. ரயில் நிலையங்களே கால்வாயை மூடிக்கொண்டு நிற்கின்றன. கால்வாய்க்குள் காங்கிரீட் தூண் இறக்கினால் அதற்குப் பெயர் வளர்ச்சி. கால்வாய் ஓரத்தில் ஓலையும் தகரமும் வைத்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

இன்னொன்றும் சொல்லுங்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதற்காக என்று சொல்லித்தான் ஆற்றங்கரை மக்களை ஏற்றிப்போனார்கள். எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும். இரண்டும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரி குடியிருப்பே தண்ணீரில் நின்றது. நீர்நிலைமேல் உள்ள அக்கறையில் இதைச் செய்தார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள்.

தீவுத்திடல் அருகே, கூவம் ஓரத்தில் சத்தியவாணிமுத்து நகர் இருந்தது. யார் பெயர் அது? நம் சமூகத்தில் பிறந்து, தி.மு.க. அமைச்சரவையில் இருந்து, அங்கே தாழ்த்தப்பட்டவர்களுக்கு உரிய இடம் இல்லை என்று 1974இல் வெளியேறித் தனிக்கட்சி கண்டவர். பிறகு மத்திய அமைச்சராகவும் ஆனவர். அவர் பெயர் தாங்கிய நகரை 2019 டிசம்பர் கடைசியில் இடிக்கத் தொடங்கினார்கள். கூவம் சீரமைப்புத் திட்டம் என்றார்கள். கல்வியாண்டு நடுவில், பொதுத்தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, பிள்ளைகளையும் பாத்திரங்களையும் ஒரே வண்டியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். நகரத்தின் நடுவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். வீட்டு வேலைக்குப் போன அக்காவுக்கு வேலை செய்த வீடு பழைய இடத்தில், படுக்கும் வீடு புதிய இடத்தில். இடையில் இரண்டு பேருந்து. காலை ஆறு மணிக்குப் பால் பாத்திரம் கழுவ அவரால் அங்கே நிற்க முடியுமா?

'அடுக்குமாடியில் வீடு கிடைத்ததே' என்பார்கள். 2000இல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். நகரத்தின் எல்லாத் திசையிலிருந்தும் ஏழைகளைப் பிடுங்கி ஒரே திசையில் நடுவதற்கு என்ன பெயர்? ஊரில் ஊர்த்தெருவும் காலனியும் எப்படிப் பிரிந்து கிடக்கின்றனவோ, அதே வரைபடத்தைப் பெரிதாக்கி நகரத்துக்கு வைத்திருக்கிறார்கள். பெரும்பாக்கம் முகவரி சொன்னால் வேலை கிடைப்பதில்லை, வங்கியில் கடன் கிடைப்பதில்லை, போலீஸ் வண்டியை நிறுத்துகிறது என்று அங்கிருந்து வரும் தம்பிகள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஊரில் காலனி என்று சொன்னதும் முகம் மாறுமே, அதே முகம்தான் இது.

இந்த வீடுகளில் தலித்துகள் மட்டும் இருந்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. மற்ற சாதி ஏழைகளும் இருந்தார்கள். ஆனால் சேரிக்கென்று ஆயிரம் ஆண்டாகப் பழகிய கண்ணால்தான் அரசு எல்லாக் குடிசையையும் பார்க்கிறது. அந்தக் கண்ணின் முதல் இரையும் அதிக இரையும் நாமே. அடுத்த சாதி ஏழைக்கு இது புரிந்தால் நல்லது. புரியும்வரை நாம் காத்திருக்க முடியாது.

இதற்கிடையில் பாரம்பரியம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 22 வந்தால் சென்னைக்குப் பிறந்தநாள். கேமராவும் கையுமாகப் பாரம்பரிய நடை போவார்கள். பாரிமுனை டேர் ஹவுஸ் ஓரத்தில் ஒரு பழைய கல்தூண் இருக்கிறது, காட்டுவார்கள். அதன் கதை என்ன? கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியை 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். 1758, 1759 முற்றுகைக்குப் பிறகு மிச்சத்தை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். பீரங்கி சுட மைதானம் வேண்டுமாம். இதற்குள் எவரும் கட்டடம் கட்டக் கூடாது என்று 1773இல் நட்ட எல்லைக்கற்களில் மிஞ்சியது அந்த ஒன்று. இன்றைய உயர்நீதிமன்றம் நிற்பது அந்த இடிந்த ஊரின் மேல்தான். ஒரு முழு ஊரைத் துடைத்தெறிந்த ஆணைக்குச் சாட்சியான கல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அந்த ஊரின் வீடுகளுக்குக் கல் இல்லை. இடித்தவனின் கல் பாரம்பரியம் ஆகிறது. இடிபட்டவனின் கல் ரப்பீஸ் ஆகிறது. செட்டிநாட்டு மாளிகைக்குப் புத்தகம் போடுங்கள், அக்ரகாரத்துத் திண்ணைக்குப் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சத்தியவாணிமுத்து நகரின் ஒரு வாசற்படிக்காவது படம் எடுத்தீர்களா என்றுதான் கேட்கிறோம்.

வேப்பூரில் இருந்துகொண்டு சென்னைத் தெருவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் கேட்கலாம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை எங்கள் ஊரை அறுத்துக்கொண்டுதான் போகிறது. வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஆடு வரும் அதே சாலையில்தான் எங்கள் ஆட்கள் நகரத்துக்குப் போகிறார்கள். வேப்பூர், திட்டக்குடி, விருத்தாசலம் வட்டாரத்து இளைஞர்கள் கோயம்பேட்டில் மூட்டை தூக்கினார்கள், கட்டடத்தில் கம்பி கட்டினார்கள். 2011 கணக்குப்படி கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேருக்கு மேல் பட்டியல் சாதியினர். நிலம் இல்லாதவன் எங்கே போவான்? 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியபோது சரக்கு வண்டிகளில் ஏறித் திரும்பி வந்தார்களே, நினைவிருக்கிறதா? கடலூர் மாவட்டத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை ஒரே வாரத்தில் எகிறியது. அன்றைக்குத்தான் அந்த நகரத்தில் இவர்களுக்கு ஒரு முகவரிகூட இல்லை என்பது ஊருக்கே தெரிந்தது. உழைக்க இடம் உண்டு, ஒதுங்க இடமில்லை.

ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? நகரத்துக் குடிசைச் சட்டம் வந்த அதே 1971இல் கிராமத்துக்கும் ஒரு சட்டம் வந்தது. மிராசுதார் மண்ணில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிக்கு அந்தக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம். 1978இல் ஆதிதிராவிடர் வீட்டுமனைக்கு நிலம் கையகப்படுத்த இன்னொரு சட்டம். சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கையில் பட்டா இருக்கும், இடத்தை அளந்து காட்டியிருக்க மாட்டார்கள். அளந்திருந்தால் கிராமக் கணக்கில் ஏற்றியிருக்க மாட்டார்கள். ஏற்றியிருந்தாலும் கணினியில் வராது. 'உன் பட்டா செல்லாது' என்று ஒரு வார்த்தையில் தாசில்தார் அலுவலகத்து வாசலோடு அனுப்பிவிடுவார்கள். கிராமத்திலும் முதல் இடிப்பு ஏட்டில்தான்.

நம்மை எரிக்க வந்தவர்களுக்குக் காகிதத்தின் அருமை நன்றாகத் தெரியும். 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்திலேயே 12 தலித்துகளைக் கொன்றார்கள், குடிசைகளை எரித்தார்கள். அது ஒதுக்குப்புறக் கிராமம் இல்லை, ரயில் சந்திப்பு உள்ள ஊர். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் புகுந்தது போலீஸ். வீடுகளை உடைத்ததோடு நிற்கவில்லை. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும், வெளிநாடு போக வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளையும் தேடித் தேடிக் கிழித்தார்கள், எரித்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றிலும் சேர்த்து 268 வீடுகள் எரிந்தன. பீரோவில் இருந்த நகை, பணத்தோடு பள்ளிச் சான்றிதழும் குடும்ப அட்டையும் பட்டாவும் சாம்பலாயின. ஓடு போட்ட வீட்டைத் திரும்பக் கட்டலாம். இந்த மண்ணில் இவன் இருந்தான், படித்தான், வாங்கினான் என்ற தடயத்தைத் திரும்பக் கட்டுவது கஷ்டம். எரிக்கிறவனுக்கு அது தெரியும். நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

நம் இயக்கங்களையும் பார்த்துச் சொல்கிறோம். உயிர் போனால் ஓடுகிறோம். உண்மை அறியும் குழு போடுகிறோம், அறிக்கை விடுகிறோம், வீரவணக்கக் கூட்டம் நடத்துகிறோம். வீடு போனால் ஒரு சுவரொட்டியோடு முடிகிறது. 'உயிரே போகிறது, வீட்டுக்கு என்ன கணக்கு' என்ற பேச்சு நம்மிடையே இருக்கிறது. வீட்டுக் கணக்கு இருந்தால்தான் இழப்பீட்டுக் கணக்கு வரும். இழப்பீட்டுக் கணக்கு வந்தால்தான் வழக்கு நிற்கும். வழக்கு நின்றால்தான் அடுத்த முறை தீப்பந்தம் எடுப்பவன் யோசிப்பான்.

நீதிமன்றமும் காகிதத்தைத்தான் பார்க்கிறது. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? பிழைப்புக்கான உரிமை வாழும் உரிமைக்குள் அடக்கம் என்றது. பெரிய வார்த்தை. சட்டக் கல்லூரியில் அந்த வார்த்தையை மனப்பாடம் செய்கிறோம். ஆனால் மாற்று இடம் கட்டாயம் கொடு என்று சொன்னது யாருக்கு? 1976 கணக்கெடுப்பில் எண்ணப்பட்டு அடையாள அட்டை வாங்கியவர்களுக்கு. அட்டை இல்லாதவனுக்கு உரிமைத் தத்துவம் மட்டும்தான் மிச்சம். 2024 நவம்பர் 13 அன்று புல்டோசர் தீர்ப்பு வந்தது. 15 நாள் நோட்டீஸ் இல்லாமல் வீட்டை இடிக்கக் கூடாது, இடித்தால் அதிகாரியின் கைக்காசு போகும் என்றது. நாமும் கொண்டாடினோம். அதே தீர்ப்பில் ஒரு விலக்கு இருக்கிறது: சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானத்துக்கு இது பொருந்தாது. நம்மில் பெரும்பாலோர் வீடு எங்கே இருக்கிறது? சரியாக அந்த விலக்குக்குள். நீர்நிலை என்று இன்று சொல்லும் இடம் நம் தாத்தா குடியேறியபோது வரைபடத்தில் என்னவாக இருந்தது, அங்கே எந்த ஆண்டு மின்சாரம் கொடுத்தார்கள், எந்த ஆண்டு முதல் வீட்டு வரி வாங்கினார்கள் என்பதை எடுத்து வைத்தால்தான் அந்த விலக்கை எதிர்த்து வாதாடவே முடியும்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது பட்டது போதாதா? 2002, 2005 பட்டியலில் உன் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். பழைய பட்டியல் தெரு வாரியாக இருக்கும். தெருவையே இடித்து, ஆளை 25 கிலோமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டு, அந்தத் தெருவில் உன் பெயரைக் காட்டு என்று கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை! வீட்டை இழந்தவன் அடுத்து ஓட்டையும் இழக்கும் நிலை.

இது முடியாத காரியம் இல்லை என்பதற்கு ஓர் ஊரைச் சொல்கிறோம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று ஒரு பழைய பகுதி. கறுப்பர்களும் கலப்பினத்தவரும் இந்திய, மலாய் வம்சாவளியினரும் கலந்து வாழ்ந்த தெருக்கள். 1966 பிப்ரவரி 11 அன்று நிறவெறி அரசு அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது. அடுத்த ஆண்டுகளில் 60,000க்கும் மேற்பட்டோரை அகற்றி, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி மணல்வெளியில் குடியமர்த்தினார்கள். அதே 25 கிலோமீட்டர்! வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள், பகுதியின் பெயரையே மாற்றினார்கள்.

அந்த மக்கள் என்ன செய்தார்கள்? நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1994இல் ஒரு பழைய தேவாலயத்துக்குள் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதன் தரையில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடம். வெளியேற்றப்பட்டவர்கள் வந்து, குனிந்து, தம் வீடு இருந்த இடத்தில் தம் பெயரைத் தாமே எழுதினார்கள். இடிப்பை மேற்பார்த்தவர் ஒருவர் அந்தத் தெருக்களின் பெயர்ப்பலகைகளை எறியாமல் ஒளித்து வைத்திருந்தார். அவையும் அங்கே தொங்கவிடப்பட்டன. அதே 1994இல் நிலத்தைத் திரும்பப் பெறும் சட்டம் வந்தது, 1998க்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். தெரு வரலாறு கையில் இருந்ததால் விண்ணப்பிக்க முடிந்தது. எல்லோருக்கும் நிலம் திரும்பவில்லை, இழுத்தடிப்பு இன்றும் உண்டு. ஆனால் 'அங்கே யாரும் இருக்கவில்லை' என்று சொல்லும் துணிச்சல் எந்த அரசுக்கும் இல்லை. 2019இல் பழைய பெயரும் திரும்பியது.

நமக்குத் தேவாலயமும் வேண்டாம், அருங்காட்சியகமும் வேண்டாம். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். அதற்குத் தெரு ஏடு என்று பெயர் வைப்போம். கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வரும் மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு மாதத்தில் ஒரு தெருவை எழுதிவிடலாம்.

முதலில் வரைபடம். தெருவில் வயதான அம்மாக்களை உட்கார வைத்து, முனையிலிருந்து முனைவரை வீடு வீடாகக் கேளுங்கள். பெண்களை முதலில் கேளுங்கள். அரசுக் காகிதத்தில் குடும்பத் தலைவர் என்று ஆண் பெயர் இருக்கும். எந்த வீட்டுக்கு எந்த வருஷம் கூரை மாறியது, எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், எந்தச் சுவர் பொதுச்சுவர் என்பது பெண்களுக்குத்தான் தெரியும். இடிந்த வீட்டையும் எரிந்த வீட்டையும் விடாமல் எண் போடுங்கள்.

அடுத்து காகிதம். குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பட்டா நகல், கல்யாணப் பத்திரிகைகூட. பத்திரிகையில் முகவரியும் தேதியும் இருக்கும். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அசலை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஆதார் எண் உள்ள படத்தை முகநூலில் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து அரசு ஏடு. பழைய வாக்காளர் பட்டியலில் உங்கள் தெருவின் பாகத்தைத் தேடி எடுங்கள். கிராமத்தில் 'அ' பதிவேடு, அடங்கல், புலப்படம் மூன்றுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். நகரத்தில் உங்கள் பகுதி 1971 பட்டியலில் இருந்ததா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தாலும் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். நம்மைப் பட்டியலில் ஏற்ற மறுத்ததற்கு அதுவே சாட்சி. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் கூரைகள் எந்த ஆண்டு இருந்தன, எந்த ஆண்டு இல்லை என்பது தேதியோடு தெரியும்.

இதையெல்லாம் இடிப்பு நோட்டீஸ் வந்த பிறகு தேட முடியாது. நோட்டீஸ் வந்தால் மூட்டை கட்டவே நேரம் போதாது. இன்றைக்குத் தெரு நிற்கிறது என்றால் இன்றைக்கே எழுதுங்கள்.

எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். பச்சை மண் மழையில் கரைந்துபோகும். சூளையில் சுட்டுவிட்டால் ஆயிரம் ஆண்டு கழித்துத் தோண்டினாலும் ஓடு கிடைக்கும். நம் தெருக்களின் கதை இன்னும் பச்சை மண்ணாகப் பாட்டிகளின் வாயில் இருக்கிறது. அதை ஏட்டில் ஏற்றிச் சுட வேண்டியது நம் வேலை. கீழடிக்கு 2,600 ஆண்டு காத்திருந்தார்கள். இளங்கோ தெருவுக்கும் சத்தியவாணிமுத்து நகருக்கும் நம் காலனிக்கும் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள்.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்றார் அண்ணல். ஒரு வீட்டு எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

ஜெய்பீம்.